அமாவாசையன்று கேட்ட தறி

ஐயா, அம்மா,

இதனைக் கையில் எடுத்த தங்களுக்கு என் வணக்கம் முதற்கண் உரியது. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி வாசலை மிதித்தவன் அல்லன். உரைநடையின் அமைதியை நான் அறிந்ததெல்லாம் பழைய நூல்களைப் படித்தும், பார்த்து எழுதியும் தேடிக்கொண்டதே. ஆகவே சொல் எங்கேனும் இடறினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கிட்டார் என்னும் மேனாட்டு நரம்புக் கருவியின் ஓசையைப் பெரிதாக்கிக் காட்டும் வால்வுப் பெட்டியொன்றை, அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில், உலகப்போர் முடிந்த மறு ஆண்டில் நான் செய்யத் தொடங்கிய வரலாறு இது. பின்னாளில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் கூட்டத்துக்குமாக எத்தனையோ பெட்டிகள் செய்தேன். அவை எனக்குச் சோறு போட்டன. ஆனால் முதற்பெட்டி தந்த ஓர் ஓசையை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன். அதனால் அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

என் அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா எல்லையில், அவர் ஓட்டிய லாரிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. உடம்பில் கீறலும் இல்லை. காது மட்டும் போயிற்று. திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டியும், துணி உறையிட்ட ஒரு கிட்டாரும் கொண்டுவந்தார். முகாமில் உடனிருந்த ஒரு வங்காளத்துச் சிப்பாய் அதை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிக்கக் கற்பித்தாராம். இப்போது வாசிப்பவருக்கே அது கேட்கவில்லை. ஆதலால் அண்ணன் தலையைக் குனிந்து, கிட்டாரின் மர விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியை மீட்டுவார். பல்லின் வழியே ஓசை மண்டைக்குள் ஏறுகிறது என்பார். அந்த விளிம்பில் பற்கள் பதிந்து, வார்னிஷ் போய், வெள்ளை மரம் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் அவருக்குக் கிட்டார் தின்னி என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அது கேளாதது ஒரு வகையில் நல்லதாயிற்று.

வந்த சில மாதங்களில் அவருக்கு மணம் முடித்தோம். காது கேளாது என்பதை மறைக்காமல் சொல்லித்தான் பரமக்குடிப் பக்கத்து நெசவுக் குடும்பம் ஒன்றில் பெண் கேட்டோம். மதினி வந்தார். நல்ல வாய்ப்பேச்சுக்காரர். வீட்டில் நாங்கள் பேசியது தெலுங்கு; அதையும் இங்கே தமிழாகவே எழுதுகிறேன். அண்ணனின் காதருகே நின்று உரக்கக் கத்தினால், ஏதோ ஒரு முழக்கம் போல அவருக்கு எட்டும், சொல் எட்டாது. எனினும் மதினி சளைக்கவில்லை.

"ரசத்துக்கு உப்புப் போதுமா?" என்று ஒருநாள் கத்தினார்.

அண்ணன் புன்னகை செய்தார். எதிர்வீட்டுத் தறியிலிருந்து ஓர் அக்காளின் குரல் வந்தது: "போதுமாம்டி. புளிதான் கொஞ்சம் தூக்கலாம்."

தெருவே சிரித்தது, மதினியும் சிரித்தார். ஆனால் பிறிதொரு நாள், கணவரிடம் மட்டும் சொல்லத்தக்க ஏதோ ஒன்றை அவ்வாறே சொல்லிவிட்டார். மறுநாள் கிணற்றடியில் அச்சொற்கள் குடத்துக்குக் குடம் மாறின. அன்று வாயை மூடியவர், பிறகு அண்ணனிடம் திறக்கவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் மதினிக்கு எழுத்துத் தெரியாது. சோறு என்றால் கையைக் குவிப்பார். தண்ணீர் என்றால் கட்டைவிரலைக் காட்டுவார். ஒரு வீட்டுக்குள் கணவனும் மனைவியும் அவ்வளவில் நின்றார்கள். "அவளுக்குப் புருசனப் புடிக்கல, அதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறா" என்று தெரு தீர்ப்பு எழுதிற்று. அச்செய்தி பரமக்குடிப் பக்கம் வரை போயிற்று.

மாசி மாதத்தில் மதினியின் தகப்பனார் வந்தார். அண்ணன் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்க, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளை நல்லவுகதான், நான் கொறை சொல்லல. ஆனா எம்பொண்ணு இப்படி ஊமையா இருந்து நான் பாத்ததில்ல. ஆடிக்குக் கூட்டிட்டுப் போறேன். திருப்பி அனுப்புறதப் பொறகு யோசிப்போம்."

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையசைத்து, இன்னுமொரு வெற்றிலையை நீட்டினார். அந்தக் காட்சி என்னை உறங்கவிடவில்லை. அண்ணனுக்கு அவருடைய வாசிப்பு ஒருமுறை கேட்டுவிட்டால், போருக்குப் போகுமுன் இருந்த பழைய அண்ணன் எழுந்து வருவார். அவர் வந்தால் அந்த வீட்டில் பேச்சும் வந்துவிடும் என்று நம்பினேன். ஆடி பிறப்பதற்குள் அது நடக்கவேண்டும்.

அக்காலத்தில் நூல் பங்கீட்டு முறையில் வந்ததால், மாதத்தில் பாதி நாள் தறிகள் சும்மா கிடந்தன. எனக்கு வேலை இல்லை, நேரம் இருந்தது. எங்கள் தெருமுனையில் நூல் கடை வைத்திருந்த முதலாளியின் கடையில் மட்டுமே மின்சாரம் உண்டு. அவரிடம் கரையான் அரித்த பழைய ரேடியோ ஒன்று மூலையில் கிடந்தது. கேட்டேன்.

"அது செத்து வருசமாச்சுப்பா. அதுக்குள்ள ஒலிபெருக்குற டிரான்ஸ்பார்மரு கருகிருச்சாம். எடுத்துட்டுப் போ. ஆனா சோதிக்கிறேன்னு எங்கடையில நெருப்பு வச்சிராத. பூராவும் பஞ்சு."

ரேடியோவின் பின்பலகையில் மின்சுற்றின் படம் ஒட்டியிருந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியை, சேலைக் கரையின் பூ வேலையைப் பார்த்து நெய்வது போல, பொருள் அறியாமலே பார்த்துப் பார்த்து மனத்தில் ஏற்றினேன். தின்றுபோன பாதிக்கு வழிகாட்டியவர் டென்ட் கொட்டகையின் ஆபரேட்டர். படம் காட்டும் எந்திரத்துக்கும் அதன் ஒலிக்கும் அவரே பொறுப்பு. கொட்டகை எங்கள் ஊரில் இருந்த பங்குனி, சித்திரை முழுவதும், படம் தொடங்குமுன் போய் நிற்பேன்.

"என்னப்பா நெசவு, இன்னிக்கு என்ன சந்தேகம்?" என்பார். ஒரு நாளைக்கு ஒரு கேள்விக்குத்தான் விடை. இரண்டாவது கேட்டால், "அது நாளைக்கு" என்று பீடியைப் பற்றவைப்பார்.

மதுரையில் போர்ச் சாமான்களை எடைக்கு எடை விற்ற கடையொன்றில், காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று கிடைத்தது. இரண்டு கிண்ணங்களும் நல்ல நிலையில் இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு காந்தமும் மெல்லிய கம்பிச் சுருளும். மேலே ஒரு தகட்டு வட்டம். "தகட்டக் கழட்டிட்டுக் கம்பிக்கு அடியில வையி. கம்பி ஆடுறது வால்வுக்குப் போயிரும்" என்றார் ஆபரேட்டர். "தகடு இருந்தா அதுல பேசவும் செய்யலாம், கேக்கவும் செய்யலாம். ரெண்டும் ஒண்ணுதான்." ஒரு கிண்ணத்தைக் கிட்டார்க் கம்பிக்கு அடியில் பொருத்தி, கழற்றிய தகட்டைத் திருநீற்று டப்பாவில் பத்திரமாக வைத்தேன்.

மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மடித்து அடித்தளம் செய்தேன். ரேடியோவின் கண்ணாடி வால்வுகளும் ஸ்பீக்கரும் பிழைத்திருந்தன. எஞ்சியது அந்தக் கருகிய டிரான்ஸ்பார்மர். அதற்குத் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றவேண்டும். ஆபரேட்டர் ஒரு பழைய சுருளைக் கொடுத்துவிட்டு, கொட்டகையோடு திருச்சுழிக்குப் பெயர்ந்துவிட்டார்.

சுற்றுவதற்கு என்ன கவலை? எங்கள் வீட்டில் ராட்டை இருந்தது. மதினி ராட்டையைச் சுழற்ற, நான் கம்பியை வழிநடத்தினேன். என்ன செய்கிறோம் என்பதையும், தகட்டைப் பற்றி ஆபரேட்டர் சொன்னதையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். "அவுகளுக்குக் கேக்குமா?" என்று மட்டும் கேட்டார். கேட்கும் என்றேன். பழைய கம்பியாதலால் அடிக்கடி அறுந்தது. அறுந்தபோதெல்லாம் மதினியின் கை, என்னைக் கேளாமலே, அடுப்புச் சாம்பலைத் தொட்டு இரு முனைகளையும் முறுக்கிச் சேர்த்தது. தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு பிணைப்பது அவருடைய வேலை. அவர் சேர்த்த இடத்தை வெயிலில் பிடித்தாலும் காண முடியாது. சுற்றி முடிந்தபோது அது, ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சி போல வழவழப்பாக இருந்தது. எங்கள் இருவருக்கும் பெருமை.

நூல் கடையில் இணைப்புக் கொடுத்தேன். வால்வுகள் செங்கல் நிறத்தில் கனன்றன. கிட்டார்க் கம்பியைத் தட்டினேன், ஒன்றுமில்லை. ஓங்கித் தட்டினேன். முதலாளி குனிந்து பார்த்தார்.

"வெளக்கு நல்லாத்தான் எரியுது. சத்தம் எங்கப்பா?"

எங்கோ தொட்டுவிட்டேன். மின்சாரம் என்னை நூல் மூட்டைகளின் மேல் தூக்கி எறிந்தது. "சத்தம் வந்துருச்சு" என்றார் முதலாளி.

டிரான்ஸ்பார்மரைத் துணியில் முடிந்துகொண்டு திருச்சுழிக்குப் புறப்பட்டேன். பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடிய பஸ் பாதி வழியில் நின்றுவிட, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பிறகு அதுவும் பயன்படாமல் நடந்தேன். வைகாசி வெயில். பருத்திமார் பிடுங்கிய கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உடைமர நிழலும் காலளவுக்கு மேல் இல்லை. கொட்டகையில் ஆபரேட்டர் லுங்கியைத் துவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்து, டார்ச் விளக்கின் பல்பையும் பாட்டரியையும் வைத்துச் சோதித்தார்.

"இதுல ஓட்டமே இல்லையே. நடுவுல அறுந்துச்சா?"

"பல தடவை அறுந்துச்சு. சேத்தாச்சுண்ணே."

"எப்படிச் சேத்த?"

"சாம்பல் தொட்டு முறுக்கித்தான்."

"நீ என்ன சேலையா நெய்ஞ்சிருக்க? ஏப்பா, அந்தக் கம்பிக்கு மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு பூச்சு இருக்கு. அதச் சொரண்டிட்டு, முறுக்கி, ஈயம் வைக்கணும். சேலைன்னா நூலு நூலப் புடிச்சாப் போதும். இதுல செம்பு செம்பத் தொடணும்." பிறகு சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேத்த எடத்தக் காட்டு, எதெதுன்னு."

"தெரியாதுண்ணே."

"என்னப்பா தெரியாது?"

"எங்க மதினி சேத்தது. யாருக்கும் தெரியாது."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் நிலையைக் கண்டு நிறுத்திக்கொண்டார். திரும்புமுன் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

வீட்டில் சொன்னேன். மதினி சுருளை வாங்கி மடியில் வைத்தார். "நான் போட்டத நான்தான அவுக்கணும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, கம்பியை இரு விரலுக்கிடையே விட்டு உருவினார். என் கண்ணுக்கும் டார்ச்சுக்கும் அகப்படாத இடங்களில் அவர் விரல் நின்றது. நின்ற இடத்தை நான் கத்தியால் சுரண்டி, அடுப்பில் காய்ச்சிய இரும்புக் கம்பியால் ஈயம் வைத்து, மீண்டும் சுற்றினேன். ஈயம் பிடிக்கக் குங்கிலியம் இட்டதால் வீடு முழுதும் புகை கமழ்ந்தது. அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, காது கேளாதவர்களின் உரத்த குரலில், "எந்தச் சாமிக்குப் படைக்கிறீக?" என்றார். மதினி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

இதற்குள் ஆனி பிறந்துவிட்டது. ஆடி முதல் வாரம் வருவதாக மதினியின் தகப்பனார் சொல்லியனுப்பியிருந்தார்.

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. தறிக்குழிக்குள் கால் வைப்பதே குற்றம். ஆனி அமாவாசையன்று முற்பகலில், அந்தப் பெரிய அமைதியினூடே, நான் பெட்டியையும், அண்ணன் கிட்டாரையும் சுமந்துகொண்டு நூல் கடைக்குப் போனோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மதினி திருநீற்று டப்பாவையும் மற்றொரு ஹெட்போன் கிண்ணத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு பின்வாசல் வழியாக வந்தார். முதலாளி ஒரு வாளித் தண்ணீரோடு தயாராக இருந்தார்.

வால்வுகள் சூடேறின. ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. டொக், டொக், டொக். நிற்கவில்லை. கிட்டாரை யாரும் தொடவேயில்லை. நான் செய்த சுற்றில் ஏதோ ஒரு குறையால், பெட்டி தானாகவே சீராக அடித்துக்கொண்டது. என் முயற்சி இரண்டாம் முறையும் பாழாயிற்று என்று கருதிச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

"ஏலே" என்றார் அண்ணன். தலையை ஒருபுறம் சாய்த்திருந்தார். "அமாவாசையும் அதுவுமா யாருலே தறி போடுறது?"

முதலாளி தம்மை மறந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன். அண்ணன் ஓசை வந்த திசையைத் தேடித் தேடி, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

பிறகு கிட்டாரை மடியில் கிடத்தினார். இரும்புத் துண்டு கம்பியில் வழுக்கியது. அந்தத் தறியடிக்கு நடுவே, அழுவது போலவும் அழைப்பது போலவும் ஒரு நீண்ட ஒலி கடையை நிறைத்தது. அவர் விளிம்பைக் கடிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். அந்தப் பாட்டு இன்னதென்று எனக்குத் தெரியாது, வங்காளத்ததாக இருக்கலாம். நான் எதற்காக அலைந்தேனோ அது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணன் பாதியில் நிறுத்தினார். அவர் பார்த்தது கிட்டாரை அன்று, மதினியை. கம்பிக்கு அடியிலிருந்த கிண்ணத்தைத் தாமே கழற்றினார்.

"இதோட தகடு எங்க?"

மதினி டப்பாவைத் திறந்து கொடுத்தார். லாரிப் படையில் போன் பேசிப் பழகியவர் ஆதலால் அண்ணனுக்குச் செய்யவேண்டியது தெரிந்திருந்தது. தகட்டை வைத்துத் திருகினார். ஸ்பீக்கரை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மற்றொரு கிண்ணத்தை மாட்டச் சொன்னார். மாட்டினேன். கடையில் ஓசை அடங்கிற்று. அந்தக் கிண்ணத்தைத் தம் காதோடு அழுத்திக்கொண்டு, முதற்கிண்ணத்தை மதினியிடம் நீட்டினார்.

"பேசு."

ஓராண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியின் குரலை அவர் கேட்டதில்லை என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. நான் அவருடைய பாட்டுக்காகப் பெட்டி செய்தேன். அவர் ஏங்கியது அதற்காக அன்று.

முதலாளி எங்களுக்கு முதுகைக் காட்டி, அடுக்கியிருந்த நூல் கட்டுகளையே மறுபடி அடுக்கத் தொடங்கினார். நானும் திரும்பிக்கொண்டேன். மதினி சுவரைப் பார்த்து நின்று, கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார். கத்தவில்லை. மூன்று முழத் தூரத்தில் நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அண்ணனின் பதில் மட்டும், வழக்கம்போல் தெரு அதிரக் கேட்டது.

"இல்ல. ஊருல ஆயிரம் சொல்லுவான். நான் ஒருநாளும் அப்படி நெனைக்கல."

தறிகள் ஓய்ந்திருந்த தெருவில் அது எதிர்வீடு வரை எட்டிற்று. "என்னத்த நெனைக்கலயாம்?" என்று அக்காள் வெளியிலிருந்து கேட்டார். இம்முறை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தெரியாது. தெருவின் தீர்ப்பை நீங்களும் நம்பினீர்களா என்று மதினி கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

மீண்டும் சுவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டார். "சரி, ஆடி முடிஞ்சதும் வந்துரு" என்றார்.

மதினி ஆடிக்குப் போனார். ஆவணி பிறந்த அன்றே, நாங்கள் அழைக்கப் போவதற்குள், தகப்பனாரை முன்னே நடக்கவிட்டுத் தாமே மூட்டையோடு வந்து இறங்கினார். அதன்பின் அமாவாசைதோறும் அவர்கள் இருவரும் நூல் கடைக்குப் போவார்கள். முதலாளி வாளித் தண்ணீரை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகு, பெட்டியும் வீட்டுக்கு வந்தது.

கொட்டகை மீண்டும் எங்கள் ஊருக்கு வந்தபோது, ஆபரேட்டர் பெட்டியைப் பார்த்து, அந்த டொக் டொக் ஒரு நோய் என்றார். கண்டென்சர் என்னும் சிறு உறுப்பு ஒன்றைச் சேர்த்ததும் நின்றது. அண்ணனைக் கேட்கவைத்தேன். ஓசை தூய்மையாக இருந்தது. அவர் முகம் சுருங்கியது.

"தறிய ஏன்லே நிறுத்துன?"

கண்டென்சரைக் கழற்றிப் பார்த்தேன். பெட்டி வேறு எப்படியோ முழங்கியது. அந்த அடி திரும்ப வரவில்லை. அண்ணன் மறைந்து, பின் மதினியும் மறைந்தார். அன்று அவர் சுவரைப் பார்த்து என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. எண்ணற்ற குரல்களை ஊரெங்கும் கேட்கும்படி பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். என் முதற்பெட்டி தாங்கிய அந்தச் சொற்கள் எனக்குக் கேட்கவேயில்லை. இன்றும் அமாவாசையன்று பகலில் சிறிது நேரம் வேலையை நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கிட்டார் என்னிடம் இருக்கிறது. விளிம்பில் பல் பதிந்த இடத்துக்கு நான் வார்னிஷ் பூசவில்லை. எனக்குப் பின் அதைப் பார்ப்பவர்கள் எலி கடித்ததென்று எண்ணிக் கழித்துவிடக்கூடும்.

ஆகவே, ஐயா, அம்மா, தாங்கள் இந்தத் தாள்களைப் படித்து முடித்ததும் எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.